பாலக்காட்டுப் பக்கம் காடு பார்க்கப் போகிறவர்களுக்கு

பாலக்காட்டைச் சுற்றியிருக்கும் காடு, அருவி, அணை எதுவானாலும் கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, அந்த கேட் வரைக்கும் போய்ச் சேருவதுதான் பாடு. எத்தனை மணிக்கு டிக்கெட், இன்றைக்கு ஜீப் இருக்கிறதா, மழை என்று மூடிவிட்டார்களா என்பதெல்லாம் நேரில் போய் நின்றால்தான் தெரிகிறது. நெட்டில் கிடைக்கும் போன் நம்பரில் பாதி எடுப்பதில்லை, எடுத்தாலும் பழைய கட்டணத்தைச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, இப்போது இருப்பது மெல்போர்னில். முட்டுவலிக்கார அம்மா, வெயில் தாங்காத பிள்ளைகள் இரண்டு, ஒரு வாடகைக் கார், இவ்வளவுதான் எங்கள் படை. அதனால் நான் எழுதுவதில் கழிப்பறை, படிக்கட்டு, சாப்பாடு எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

முதலில் மலம்புழா, ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் முதலில் போவார்கள். ஒலவக்கோட்டில் இருக்கும் பாலக்காடு ஜங்ஷனிலிருந்து ரொம்பப் பக்கம், டவுனிலிருந்து பஸ்ஸும் அடிக்கடி உண்டு. பஸ் போர்டு மலையாளத்தில்தான் இருக்கும், ஆனால் தமிழில் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மலபார் அப்போது சென்னை மாகாணத்தோடு இருந்ததால் 1955இல் இந்த அணையைத் திறந்து வைத்தவர் காமராஜர், இதை அம்மா பேரப்பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை. தோட்டம் பெரியது, தரை சமமாக இருப்பதால் வயதானவர்கள் நிதானமாக நடக்கலாம். கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த, ஆடையில்லாத யட்சி சிலை முன்னால் கூட்டம் கூட்டமாக செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், அம்மா மட்டும் பார்க்காததுபோல் நேராக நடந்து போனார். அத்தனை பெரிய சிலையைப் பார்க்காமல் போவது சாதாரண விஷயமில்லை. ரோப் வே பிள்ளைகளுக்குப் பிடித்தது. சண்டிகரில் கல் தோட்டம் அமைத்த நேக் சந்த் இங்கேயும் ஒன்று அமைத்திருக்கிறார், உடைந்த வளையல், ஓடு, பீங்கான் துண்டு இவற்றைக் கொண்டே மனிதர்களையும் மிருகங்களையும் நிறுத்திவைத்திருக்கிறார். அதைப் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், கோயம்புத்தூர் முழுக்க அங்கேதான் இருக்கும்.

கோட்டைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கத் தேவையில்லை. 1766இல் ஹைதர் அலி கட்டியது, டவுன் நடுவில் இருக்கிறது, அகழியைச் சுற்றிக் காலையில் நடந்துவிட்டு பக்கத்துப் பூங்காவில் பிள்ளைகளை விட்டுவிடலாம். அவ்வளவுதான்.

இந்தப் பயணத்தில் மனசு நிறைந்தது சைலன்ட் வேலி தேசியப் பூங்காவில்தான். பாலக்காட்டிலிருந்து மன்னார்க்காடு போய், அங்கிருந்து மலையேறி அட்டப்பாடிச் சாலையில் முக்காலி. கோயம்புத்தூரில் தங்குகிறவர்கள் ஆனைக்கட்டி, அகளி வழியாகவும் வரலாம். முக்காலியில் வனத்துறை அலுவலகத்தில் பேரைப் பதிந்து பணம் கட்டினால் ஜீப்பும் கைடும் கொடுப்பார்கள், அங்கிருந்து பூங்காவுக்குள் சைரந்திரி என்ற இடம் வரைக்கும் 23 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், காலையிலேயே போய்விடுவது உத்தமம். நாங்கள் நின்றிருந்தபோது ஈரோட்டிலிருந்து வேன் எடுத்து வந்த ஒரு குடும்பத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள், பாவம், பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை எல்லோரும் விடியற்காலை எழுந்து கிளம்பி வந்தவர்கள். அவர்கள் தங்கியிருந்த லாட்ஜில் மதியம் போனாலும் போதும் என்றார்களாம். இந்த மாதிரி விஷயத்தில் லாட்ஜ் ரிசப்ஷனை நம்புவதைவிட முக்காலி டீக்கடையில் கேட்பது மேல்.

எங்களுக்கு வந்த கைடு இருளர் பையன், அட்டப்பாடிக்காரர், தமிழ் சரளம். வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே டிரைவரின் தோளைத் தட்டி எஞ்சினை அணைக்கச் சொன்னார். ரோட்டில் முள் முள்ளாக உருண்டை ஓடுகள் சிதறிக் கிடந்தன, வெடிப்பலாவின் ஓடுகள். அவர் கை காட்டிய பக்கம் பார்த்தால் மேலே கிளையில் ஒரு சோலைமந்தி, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம், பழத்தைப் பிளந்து கொட்டையைத் தின்றுவிட்டு ஓட்டை எங்கள் ஜீப் பக்கமாகவே போட்டது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. எனக்குத் தெரிந்து அவர்கள் போனைக் கேட்காத ஒரே அரைமணி நேரம் அது. கேட்டிருந்தாலும் பயனில்லை, முக்காலியைத் தாண்டினால் சிக்னல் கிடையாது.

சைரந்திரியில் முப்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு கண்காணிப்பு கோபுரம். "எனக்கு இந்தப் படியெல்லாம் ஆகாது கண்ணு, நீங்க போய்ட்டு வாங்க" என்று அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டார், உட்கார நிழலும் இடமும் இருந்தது. மேலே ஏறினால் குந்திப்புழை ஓடும் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. அந்த ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்ட இருந்த இடமும் இதே சைரந்திரிதான். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கமும் சுகதகுமாரி போன்ற கவிஞர்களும் வருடக்கணக்காகப் போராடி, 1983இல் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கைடு இந்தக் கதையை யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது போலில்லாமல் தன் வீட்டுக் கதையாகவே சொன்னார். பணம் கட்டியதற்கு முறையான ரசீது, நேரத்துக்கு வண்டி, டிப்ஸுக்கு யாரும் கை நீட்டவில்லை. ஜூன், ஜூலையில் போகிறவர்கள் அட்டைப்பூச்சிக்கு உப்போ மூக்குப்பொடியோ கொண்டு போங்கள். சாப்பாடு முக்காலியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டஞ்சாயாவும் பழம்பொரியும் நன்றாகவே இருந்தன.

தோனி அருவி டவுனுக்குப் பக்கம்தான், ஆனால் அடிவாரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் போல ஏறி நடக்க வேண்டும். தனியாக விடமாட்டார்கள், குறிப்பிட்ட நேரத்துக்கு வனத்துறை ஆளோடு குழுவாகத்தான் போகணும், நேரம் தவறினால் அடுத்த குழு. முட்டுவலிக்காரர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். அம்மாவை அன்றைக்கு வீட்டில் விட்டுவிட்டோம்.

பரம்பிக்குளம் விசித்திரமான இடம். கேரளாவின் புலிகள் காப்பகம், ஆனால் ரோடு தமிழ்நாட்டு வழியாகத்தான், பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் தாண்டி ஆனப்பாடி. அதனால் இரண்டு மாநிலச் செக்போஸ்ட், இரண்டு இடத்திலும் பணம், இரண்டு இடத்திலும் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோபப்படாமல் இறங்கிக் காட்டிவிடுங்கள், நியாயமான சோதனைதான். உள்ளே வனத்துறை மினி பஸ்ஸில் சுற்றிக் காட்டுகிறார்கள். கன்னிமரா தேக்கு சுமார் ஏழு மீட்டர் சுற்றளவு, எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் கை கோத்தும் வளைக்க முடியவில்லை. வெட்டப் போனபோது ரத்தம் வந்தது, அதனால் விட்டுவிட்டார்கள் என்று அங்குள்ள ஆதிவாசிகள் சொல்லும் கதையை டிரைவர் சொன்னார். அங்கிருக்கும் அணைகள் நிற்பது கேரள மண்ணில், பராமரிப்பது தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டரில் ஒன்று அறுந்துபோய்த் தண்ணீர் வீணானதைப் பற்றி எங்கள் மாமா இன்னும் புலம்புகிறார். இரண்டு மாநிலத்துக்கும் இடையிலான ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக எங்கள் பக்கத்து ஆறான சித்தூர்ப்புழைக்கு வர வேண்டியது 7.25 டிஎம்சி, அதை நம்பித்தான் எங்கள் பக்கத்து வயல் எல்லாம். டூரிஸ்டுக்கு அது அழகான ஏரி, மாமாவுக்கு அது இந்த வருஷத்து நெல்.

நெல்லியாம்பதிக்கு நாங்கள் அரை நாள்தான் ஒதுக்கினோம். நெம்மாறை, போத்துண்டி அணை வழியாக ஏறும் ரோடே அழகு. சீதார்குண்டு வியூ பாயின்ட்டில் நின்றால் கீழே கொல்லங்கோட்டு வயல்கள் வரை தெரியும். மேலே நல்ல கழிப்பறை தேடி அலைய வேண்டியிருக்கிறது, பெண்கள் கீழேயே பார்த்துக்கொண்டு ஏறுவது நல்லது. எங்கள் வாடகைக் கார்க்காரர் வழியில் ஒரு மசாலாக் கடையில் நிறுத்தி நகர மறுத்தார். கமிஷன் கடை என்று பார்த்ததுமே தெரிந்தது, நாங்களும் இறங்காமல் உட்கார்ந்துகொண்டோம், பத்து நிமிடத்தில் அவரே கிளம்பினார்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஓசிஐ கார்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வீட்டில் பூட்டி வைக்காமல் கையில் எடுத்துப் போங்கள். தேசியப் பூங்கா, சரணாலயங்களில் ஓசிஐக்காரர்களுக்கு இந்தியர்களுக்கான கட்டணம்தான், ஆனால் கார்டு இல்லாமல் வெளிநாட்டு பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால் வெளிநாட்டவர் ரேட் போடுவார்கள். ஒரு கவுண்ட்டரில் இருந்தவருக்கு இந்த விதியே தெரியவில்லை, மேலதிகாரியிடம் கேட்டு வந்து சரி செய்தார், மரியாதையாகத்தான் பேசினார். அடுத்தது பணம். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருந்தால் ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், அமீரகம் உட்படச் சில நாடுகளின் போன் நம்பரிலேயே யுபிஐ போடலாம், 2023இலிருந்து இந்த வசதி உண்டு. ஊருக்கு வரும் முன்பே அதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் இளநீர்க்காரர் முதல் ஆட்டோ வரை எல்லோரும் க்யூஆர் கோடுதான் நீட்டுகிறார்கள். அதே சமயம் சிக்னல் இல்லாத காட்டுக்குள் அது எதற்கும் உதவாது, சில்லறை நோட்டும் வேண்டும்.

டிசம்பர் லீவில் வருகிறவர்களுக்கு வெயில் தொல்லை இல்லை, ஆனால் சபரிமலை சீசன் என்பதால் வாளையாறு ரோட்டில் வண்டி நெரிசல் அதிகம், ஐயப்ப பக்தர் வேன்களுக்கு முன்னால் காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டால் முக்காலிக்கு நேரத்துக்குப் போய்விடலாம். ஏப்ரலில் வருகிறவர்கள் மலம்புழாவை மாலைக்குத் தள்ளிவையுங்கள், அந்த மாதம் பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்.