காடி போட்ட ரூஃபிங் ஷீட் செட்: ஷீட் அருமை, டேப் நல்லது, ஸ்க்ரூவை மாற்றுங்கள்

கூரைக்கு வேண்டிய ஷீட், டேப், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரே செட்டாகத் தருகிற வகை ஒன்று இருக்கிறது. ஓரத்து மேட்டில் காடி (நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம்) போட்ட ட்ரப்பீசாய்டல் (உச்சி தட்டையாக, பக்கம் சாய்ந்த மேடுகள் உள்ள) ஷீட், பியூட்டைல் டேப் சுருள்கள், பர்லினில் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) இறக்குவதற்கு நீள ஸ்க்ரூ, ஓவர்லாப்பை (ஒரு ஷீட்டின் மேல் அடுத்த ஷீட் ஏறும் இடத்தை) தைக்கக் குட்டை ஸ்க்ரூ, முகட்டுக்கும் இறவாரத்துக்கும் ஃபோம் அடைப்பு. ஒரு பட்டறைக் கூரைக்கு இதைத்தான் போட்டேன், நல்ல மழையும் பார்த்தாயிற்று. ஷீட்டுக்காகவே இந்த செட்டை வாங்கலாம். டேப்பையும் நம்பலாம். ஸ்க்ரூவை மட்டும் அப்படியே எடுத்து வைத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள். ஓவர்லாப் ஏன் ஒழுகுகிறது என்று தெரியாமல் போட்டால் எந்த செட்டும் ஒழுகும், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மேலிருந்து நேராக விழும் மழையால் ஓவர்லாப் ஒழுகுவது குறைவு. கீழ் விளிம்பில் வந்து நிற்கிற நீர், இரண்டு ஷீட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கில், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேல்நோக்கி ஏறுகிறது. நன்றாக நனைகிற பரப்பில், இடுக்கு 1 மி.மீ. இருந்தால் நீர் செங்குத்தாகச் சுமார் 15 மி.மீ. ஏறும், அரை மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 30 மி.மீ. ஏறும். பெயின்ட் பூசிய ஷீட்டில் கொஞ்சம் குறையும். கேட்பதற்குச் சின்ன அளவாகத் தெரியும், ஆனால் இது செங்குத்து உயரம் என்பதை மறக்கக் கூடாது. கூரையின் சாய்வு 10 டிகிரி என்றால் அந்த 15 மி.மீ. உயரத்தைத் தொட நீர் ஷீட்டின் மேல் 85 மி.மீ. தூரம் போக வேண்டும், 30 மி.மீ. என்றால் 170 மி.மீ. போகும். அதாவது 150 மி.மீ. ஓவர்லாப் விட்டிருந்தாலும் உள்ளே வந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, இடுக்கு குறையக் குறைய நீர் இன்னும் மேலே ஏறுகிறது. "நல்லா டைட் பண்ணுங்க, ஒழுகாது" என்று கூரை போடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். டேப் எதுவும் இல்லாமல் தகட்டின் மேல் தகட்டை அழுத்தி இறுக்கினால் நடப்பது நேர்மாறு. அப்புறம் காற்று. மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் அடிக்கிற காற்றின் அழுத்தம் சுமார் 55 மி.மீ. உயர நீருக்குச் சமம். அந்த முழு அழுத்தமும் எப்போதும் ஓவர்லாப்பின் மேல் விழாது, ஆனால் பாதி விழுந்தாலே சாரல் நீர் தாராளமாக உள்ளே தள்ளப்படும். உயரம் குறைந்த மேடு உள்ள ஷீட் புயல் மழையில் பக்கவாட்டு ஓவர்லாப்பில் ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இந்த ஷீட் என்ன செய்கிறது? கீழே போகிற ஓரத்து மேட்டின் பக்கச் சுவரில் நீளவாக்கில் ஒரு காடியை உருட்டி விட்டிருக்கிறார்கள். மேல் ஷீட் அதன் மீது உட்காரும்போது அந்த இடத்தில் மட்டும் இடைவெளி திடீரென்று அகலமாகிறது. இடுக்கில் ஏறி வருகிற நீர் அங்கே வந்ததும் ஏற முடியாமல் நின்றுவிடுகிறது, காடி வழியாகவே கீழே இறங்கி, ஷீட்டின் கீழ் முனையில் வெளியே போய்விடுகிறது. நீரை முழுவதுமாகத் தடுக்கப் பார்க்காமல், உள்ளே வந்த நீருக்கும் ஒரு வழி விடுகிற வடிவமைப்பு இது. பசைக்கு வயதாகும், வெயிலில் காயும், ஆனால் தகட்டில் உருட்டிய வடிவம் அந்தத் தகடு இருக்கும்வரை இருக்கும். ஓவர்லாப்பின் பாதுகாப்பு முதலில் வடிவத்தில் இருக்க வேண்டும், பசை அதற்குப் பிறகுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹென்றி ராபின்சன் பால்மர் 1829-இல் லண்டனில் காப்புரிமை வாங்கிய பழைய அலை வடிவ நெளி தகட்டில் இந்த வசதி கிடையாது. அதனால்தான் அந்த வகை ஷீட்டில் பக்கவாட்டில் ஒன்றரை அலை, காற்று அதிகமான இடங்களில் இரண்டு அலை என்று ஏற்றிப் போடுகிறார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு ஷீட்டிலும் அவ்வளவு அகலம் ஓவர்லாப்பிலேயே போய்விடும்.

காடியைக் கெடுக்காமல் போடுவது உங்கள் கையில் இருக்கிறது. காடி உள்ள ஓரம் கட்டாயம் கீழே போக வேண்டும், மாற்றிப் போட்டால் அது இருந்தும் பயனில்லை. பக்கவாட்டு டேப்பை மேட்டின் உச்சியில் ஒட்டுங்கள், காடிக்குள் திணிக்காதீர்கள்; அடைத்துவிட்டால் நீர் இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கி, காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் தகடு உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். அதிகம் மழைக்காற்று வருகிற பக்கத்துக்கு முதுகு காட்டுகிற மாதிரி ஓவர்லாப் அமைய வேண்டும், எனவே காற்று போய்ச் சேருகிற முனையிலிருந்து ஷீட்டைப் போட ஆரம்பியுங்கள். கூரையின் அடுத்த சரிவிலும் இதே விதிதான், அங்கே ஷீட்டின் கீழ் முனை மேலே வருமாறு திருப்பினால் காடி சரியான பக்கத்துக்கு வந்துவிடும். செட்டோடு வருகிற தாளில் ஒரே ஒரு சரிவை வரைந்து காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள், பெரிய குறை.

டேப்புக்கு வருவோம். பியூட்டைல் ரப்பர் டேப், காய்ந்து இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும், அதுதான் அதன் பலம். வெயிலில் ஷீட் நீளும், இரவில் சுருங்கும்: 10 மீட்டர் எஃகு ஷீட் 50 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தில் சுமார் 6 மி.மீ. நகரும், அலுமினியம் என்றால் கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு. மெல்லிய கோடாக இழுத்த சிலிக்கான் இந்த நகர்வைத் தாங்காமல் ஒரு பக்கம் பிரிந்துவிடும். 3 மி.மீ. தடிப்புள்ள இந்த டேப் கூடவே நெகிழ்ந்து கொடுக்கிறது. உச்சி வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குக் கூரை சுட்டபோதும் இது உருகி வழியவில்லை. தார் கலந்த மலிவான டேப்புகளில் அதுதான் முதலில் நடக்கும். குளிரில் டேப் விறைத்துப்போய் ஒட்ட மறுக்கிறது, அதனால் குளிர்ந்த காலையில் வேலை செய்வதானால் சுருளைச் சூடான இடத்தில் வைத்திருந்து எடுங்கள். ஷீட் துளியும் ஈரமில்லாமல், தூசி இல்லாமல் துடைத்திருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது.

ஒட்டும்போது டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டுகிற பழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. இழுத்தால் மெலிந்துவிடும். அதைவிட மோசம், மேட்டுக்கு மேடு பாலம் மாதிரி தொங்கி, பள்ளத்தின் மூலைகளில் ஒட்டாமல் நிற்கும், நீர் அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். தளர்வாக விட்டு, பள்ளத்தின் அடிவரை விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். நீளவாக்கில் ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று ஏறும் இடத்தில் ஓவர்லாப்பின் குறுக்கே இரண்டு வரி ஒட்டி, ஸ்க்ரூ இரண்டுக்கும் நடுவே இறங்குமாறு செய்யுங்கள், அந்த ஓவர்லாப் பர்லினின் மேல் உட்கார்ந்திருக்கட்டும். கீழ் வரி விளிம்பை ஒட்டி இல்லாமல் சற்று உள்ளே தள்ளி இருந்தால் வெயில் படாமல் நீண்ட நாள் வரும்.

செட்டில் சொல்கிற 150 மி.மீ. நீள ஓவர்லாப், 10 டிகிரிக்கு மேல் சாய்வும் இரண்டு வரி டேப்பும் இருந்தால் போதும். சாய்வு குறைந்தால் 200 அல்லது அதற்கும் மேல் போக வேண்டும். முடிந்தால் முகட்டிலிருந்து இறவாரம்வரை ஒரே நீள ஷீட்டாக வாங்கிவிடுங்கள். இல்லாத ஓவர்லாப் ஒழுகாது, வண்டியில் ஏற்றி இறக்குவது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்.

நான்கு ஷீட்டின் மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து சேருகிற இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே நான்கு தகடு அடுக்கு வருவதால் மேல் ஷீட் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும், பக்கத்தில் முக்கோணமாக ஒரு வாய் திறந்திருக்கும். ஒரு துண்டு டேப்பை உருட்டி அந்த வாயில் வைத்து, அதன் மேல் அடுத்த ஷீட்டை இறக்கி, பக்கத்திலேயே ஒரு தையல் ஸ்க்ரூ போட்டுவிட்டால் மூடிக்கொள்ளும். குழாய் நீர் விட்டுச் சோதிப்பதானால் இறவாரத்தில் ஆரம்பித்து மெதுவாக மேலே போங்கள், எந்த வரிசை ஒழுகுகிறது என்று தெளிவாகத் தெரியும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்துவிடும், ஒன்றும் புரியாது.

இனி ஸ்க்ரூ. இவ்வளவு நல்ல ஷீட்டோடு இதையா கொடுப்பது என்று எனக்குக் கோபமே வந்தது. வாஷரின் அடியில் இருப்பது ஈபிடிஎம் (வெயிலையும் மழையையும் தாங்கும் செயற்கை ரப்பர்) என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக இருக்கிறது, உலோக வாஷரோடு ஒட்டவும் இல்லை, தனியாகக் கழன்று சுழல்கிறது. ஸ்க்ரூ போட்ட ஒவ்வொரு இடமும் கூரையில் நாமே போடுகிற ஓட்டை, அதை மூடுவது அந்தச் சின்ன ரப்பர் மட்டும்தான். உலோகத்தோடு ஒட்டிய ஈபிடிஎம் வாஷர் உள்ளவற்றைத் தனியாக வாங்கிப் போட்டேன். இறுக்கும்போது ரப்பர் வாஷரின் விளிம்பில் லேசாகப் பிதுங்கித் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். இன்னும் முடுக்கினால் வாஷர் குழிந்து, ரப்பர் கிழிந்து, ஷீட்டும் அமுங்கி அங்கே நீர் தேங்கும். பக்கவாட்டு ஓவர்லாப்பில் தையல் ஸ்க்ரூக்களின் இடைவெளி அரை மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேட்டின் உச்சியில் போடுங்கள்.

ஃபோம் அடைப்பு அளவாகப் பொருந்துகிறது, குறை ஒன்றுமில்லை.

ஷீட்டின் பூச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 55% அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கலந்த பூச்சு இது, செம்பு இதற்கு ஆகாது. செம்புக் குழாயிலிருந்து சொட்டுகிற நீர்கூட அரித்துவிடும். டேப் தீர்ந்துவிட்டது என்று வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கானை எடுத்துப் பூசாதீர்கள், காயும்போது வெளிவருகிற அசெட்டிக் அமிலம் துத்தநாகத்தைத் தின்னும், அந்த அமிலத்தை வெளிவிடாத நியூட்ரல் வகை சிலிக்கான்தான் வேண்டும். கிரைண்டரால் ஷீட்டை வெட்டினாலும் பூச்சு கருகும், சிதறுகிற தீப்பொறித் துகள்கள் ஷீட்டின் மேல் ஒட்டிக்கொண்டு துருப் புள்ளிகளாகும். தகடு வெட்டும் கத்தரியோ, தகட்டைச் சிறு துண்டுகளாகக் கொத்தி வெட்டும் நிப்ளரோ பயன்படுத்துங்கள்.

உங்கள் கூரையின் சாய்வு 5 டிகிரிக்குக் கீழே என்றால் இந்த செட்டை வாங்க வேண்டாம். அவ்வளவு தட்டையான கூரையில் 1 மி.மீ. இடுக்கே நீரை 170 மி.மீ. தூரம் உள்ளே கொண்டுபோகும், காடியிலும் நீர் வேகமாக வடியாது. ஓட்டை போடாமல் கிளிப்பில் மாட்டி, ஓரங்களை நிமிர்த்தி மடித்துப் பூட்டுகிற ஸ்டாண்டிங் சீம் வகைக்குப் போங்கள்.