மோட்டார் லைனுக்கு ஜிஐ ஃப்ளெக்சிபிள் பைப்: புஷ் இல்லாமல் போட விடாதீர்கள்

புது வீடு கட்டும் சித்தப்பா மகன் கேட்டான்: "அண்ணா, உங்க வீட்டுத் தண்ணி மோட்டாருக்குக் கரண்ட் வயர் போகப் போட்டிருக்கிற இரும்பு ஃப்ளெக்சிபிள் பைப்பையே வீடு முழுக்கப் போட்டுடலாமா?" அந்த லைனைப் பழுது பார்த்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லணும். திருவான்மியூரில் எங்கள் தெருவில் எலித்தொல்லை அதிகம். முன்னால் போட்டிருந்த பிவிசி ஃப்ளெக்சிபிளைக் கடித்து, உள்ளே இருக்கும் வயரையும் கொறித்துவிடும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் மாட்டிய பிறகு ஒரு பல் தடம்கூட இல்லை. மோட்டார் அதிர்ந்தாலும் பைப் வளைந்து கொடுக்கிறது. காயில் கட்டக் கழற்றியபோது பைப்பை ஓரமாக வளைத்து வைத்துவிட்டு, திரும்ப அப்படியே மாட்டினோம். கட்டிப் பைப்பாக இருந்தால் அறுத்துத்தான் எடுத்திருக்கணும்.

ஆனால் அந்த முனை! இந்தப் பைப் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையை விளிம்போடு விளிம்பு கொக்கி போட்டுச் சுருட்டிச் செய்வது. ஹாக்ஸாவால் அறுத்த இடத்தில் தகடு பிளேடு மாதிரி நிற்கும். அதைத் தேய்த்துவிட்டு, விளிம்பை மூடும் பிளாஸ்டிக் வளையமான புஷ்ஷைச் செருகி, அப்புறம்தான் வயரை விடணும். எங்கள் வீட்டில் வேலை செய்தவர் புஷ்ஷே வைக்காமல் பைப்பை கிளாண்டில் (பைப்பை மோட்டார் பெட்டியோடு பிடிக்கும் இணைப்பில்) திணித்து செக் நட்டை முறுக்கிவிட்டுப் போய்விட்டார். மோட்டார் ஓடும்போதெல்லாம் வயர் அந்த விளிம்பில் உரசி உரசி, கடைசியில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழ ஆரம்பித்தது. அதுவும் சில நாள் விழும், சில நாள் விழாது. மழைத் தண்ணீர் என்றார்கள், கெபாசிட்டர் என்றார்கள், மறுபடி காயில் என்றார்கள். வயர் மோட்டாரில் சேரும் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பார்த்தால் பேஸ் வயரின் தோல் உரிந்து செம்பு பைப்பில் பட்டுக்கொண்டிருக்கிறது. சில ரூபாய் புஷ்ஷுக்காக இவ்வளவு அலைச்சல்.

எர்த்துக்குத் தனிப் பச்சை வயர் இழுத்திருந்ததால் தப்பித்தோம். இல்லையென்றால் பிள்ளைகள் விளையாடும் கார் ஷெட்டில் பைப் முழுக்கக் கரண்ட் நின்றிருக்கும். "பைப்பே இரும்புதானே சார், அதுவே எர்த்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சுருளின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு தொடுப்பு, துருப்பிடிக்கப் பிடிக்கத் தடை ஏறும். அமெரிக்க வயரிங் விதியில்கூட 6 அடிக்கு மிகாத நீளம், 20 ஆம்புக்கு மிகாத பிரேக்கர், அதற்கேற்ற கிளாண்டுகள் இருந்தால்தான் பைப்பையே எர்த்தாக எடுத்துக்கொள்ள முடியும். மோட்டார் மாதிரி அதிரும் இடமென்றால் அதுவும் கிடையாது, தனி வயர்தான்.

துருவும் உண்டு. கடல் காற்றுக்கு கிளாம்ப் பிடித்த இடமெல்லாம் முதலில் வெள்ளையாகப் பூத்து, பிறகு பழுப்பாகிவிட்டது. வெறும் ஜிஐ பைப்பின் மடிப்பு வழியாகத் தண்ணீரும் இறங்கும், அதனால் மழை படும் இடத்துக்கு, வெளிப்பக்கம் பிவிசி பூசியதைத்தான் வாங்கணும். உள்பக்கம் வரிவரியாக இருப்பதால் வயர் இழுப்பதும் சிரமம், ஒரு சைஸ் பெரிதாகப் போடுவது நல்லது.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது: சுவருக்குள் வழக்கமான பிவிசி பைப்பே போதும், வீடு முழுக்க இது வேண்டவே வேண்டாம். இப்போது இருக்கிற கோபத்தில் மோட்டாருக்கும் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. ஆனால் எங்கள் வீட்டில் அதே லைனுக்கு பிவிசி பூசிய ஜிஐ ஃப்ளெக்சிபிள்தான் மறுபடி போட்டிருக்கிறோம். இரண்டு முனையிலும் புஷ் உட்கார்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் பாக்ஸை மூடவிட்டேன்.