பாலோமரா, கிளிஞ்சா? தூண்டில் முள்ளுக்கு எந்த முடிச்சு?

மீன் இழுக்கும்போது நல்ல தூண்டில் நரம்பு நடுவில் அறுவது குறைவு, முடிச்சில்தான் விட்டுப்போகும். அதனால் புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் பாலோமர், கிளிஞ்ச் என்ற இந்த இரண்டு முடிச்சுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

கட்டும் விதம்
பாலோமர்: நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, தளர்வாக ஒரு சாதாரண முடிச்சு. மிஞ்சிய வளையத்துக்குள் முள்ளை முழுதாக விட்டு இறுக்க வேண்டும். இருட்டிலும் கை தடவியே போடலாம்.
இம்ப்ரூவ்டு கிளிஞ்ச் (இங்கே கிளிஞ்ச் என்பது இதையே): கண்ணில் நுழைத்த நுனியை நரம்பின்மேல் 5 முதல் 7 சுற்று சுற்றி, கண்ணை ஒட்டிய சிறு வளையத்தில் விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்திலும் நுழைக்க வேண்டும்.

பிடிப்பு
பாலோமர்: வழுவழுப்பான பின்னல் நூலிலும் நிற்கும். மடித்த இரு இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் பலம் குறையும்.
கிளிஞ்ச்: மெல்லிய, நடுத்தர மோனோ (ஒற்றை இழை) நரம்பில் நம்பலாம். பின்னல் நூலில் வழுக்கும். தடித்த நரம்பில் சுற்றுகள் சரியாக உட்காராது.

நரம்புச் செலவு
பாலோமருக்குக் கூடுதல், கிளிஞ்சுக்குக் குறைவு.

எதுவானாலும் இறுக்குமுன் எச்சிலிலோ தண்ணீரிலோ நனையுங்கள். உலர்ந்த நரம்பு உரசிச் சூடாகிப் பலவீனமாகும். பலர் இதைத்தான் விட்டுவிட்டு முடிச்சைத் திட்டுகிறார்கள்.

பின்னல் நூல், ஒற்றை முள் என்றால் யோசிக்கவே வேண்டாம், பாலோமர். மும்முனை முட்கள் தொங்கும் பெரிய செயற்கை இரையை வளையத்துக்குள் விடுவது பெரும்பாடு. அங்கே மோனோவும் கிளிஞ்சும் போதும்.