கசாண்ட்ராவில் மெமரி: லீக் எது, லீக் மாதிரித் தெரிவது எது?

கசாண்ட்ரா டேட்டாபேஸின் 3.11, 4.1 பதிப்புகள் இரண்டையும் புரொடக்‌ஷனில் நெடுநாள் ஓட்டியபின் எழுதும் குறிப்பு இது. "டாப்" கமாண்டில் பிராசஸின் மெமரி ஏறிக்கொண்டே போகிறது, லீக் (பயன்படுத்திய மெமரியைத் திருப்பிக் கொடுக்காத பிழை) இருக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை லீக்கே இல்லை. டேட்டாவை வைத்திருக்கும் எஸ்எஸ்டேபிள் ஃபைல்களை கசாண்ட்ரா எம்மேப் செய்து, அதாவது ஃபைலை நேரடியாக மெமரி முகவரியோடு இணைத்து, படிக்கிறது. அப்படிப் படித்த பக்கங்களும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். ப்ராக் டைரக்டரியில் அந்தப் பிராசஸின் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்தால் ஆர்எஸ்எஸ்-அனான் (பிராசஸ் தானே ஒதுக்கிய மெமரி), ஆர்எஸ்எஸ்-ஃபைல் (ஃபைல்களிலிருந்து வந்த பக்கங்கள்) என இரண்டு வரிகள் இருக்கும். ஃபைல் வரி மட்டும் ஏறினால் விட்டுவிடுங்கள், நெருக்கடி வந்தால் கெர்னலே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அனான் வரி ஓயாமல் ஏறினால்தான் தேட வேண்டும்.

அடுத்தது ஹீப், அதாவது கசாண்ட்ரா ஓடும் ஜாவா தன் ஆப்ஜெக்ட்களை வைக்கும் மெமரிப் பகுதி. கிராஃபில் உச்சியைப் பார்த்துப் பயனில்லை, ஜிசி (தேவையற்ற ஆப்ஜெக்ட்களை நீக்கும் வேலை) முடிந்தபின் மிஞ்சும் அளவைப் பாருங்கள். அதிலும் ஜி1 என்ற ஜிசி முறையில், புது ஆப்ஜெக்ட்களை மட்டும் சுத்தம் செய்யும் யங் கலெக்‌ஷனுக்குப் பின் தெரியும் அளவை நம்பாதீர்கள், பழைய பகுதி அப்போது சுத்தமாகியிருக்காது. பழையதையும் சேர்த்துச் சுத்தம் செய்யும் மிக்ஸ்டு கலெக்‌ஷன்கள் முடிந்தபின் நிற்கும் அளவு நாளுக்கு நாள் உயர்ந்தால் ஹீப் டம்ப் (ஹீப்பின் நகல்) எடுக்கலாம். டம்ப் எடுக்கும் ஜேமேப் கருவியில் "லைவ்" என்று கொடுத்தால் ஃபுல் ஜிசி ஓடி நோடு (கசாண்ட்ரா ஓடும் அந்த சர்வர்) உறைந்து நிற்கும். அதனால் முதலில் கசாண்ட்ராவின் நிர்வாகக் கருவியான நோட்டூலில் டிசேபிள்-பைனரி கொடுத்து கிளையண்ட்களை விலக்குங்கள். ஹீப் அளவுக்கு டிஸ்கில் இடமும் வேண்டும். டம்ப்பை எக்லிப்ஸ் மேட் என்ற ஆய்வுக் கருவியில் திறந்து, எந்த ஆப்ஜெக்ட் எவ்வளவு மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் டாமினேட்டர் ட்ரீயிலிருந்து தொடங்குங்கள்.

அங்கே மாட்டுவது பெரும்பாலும் கசாண்ட்ராவின் பிழையாக இருக்காது, நம் டேபிள் வடிவமைப்பாகத்தான் இருக்கும். டேபிளை க்யூ போல எழுதி, படித்து, அழித்துக்கொண்டிருந்தால் டூம்ப்ஸ்டோன் (அழித்ததற்கான அடையாளம்) குவியும். இயல்பான அமைப்பில் அவை குறைந்தது 10 நாள் (8,64,000 விநாடி) இருக்கும். ஒரு ரீடு அவற்றை எல்லாம் மெமரிக்குக் கொண்டுவந்துதான் தள்ளிவிட முடியும். 1,000 தாண்டினால் லாகில் எச்சரிக்கை வரும், 1,00,000 தாண்டினால் குவெரி தோல்வியடையும். இடைப்பட்ட எண்ணிக்கையில் குவெரி வெற்றிதான், ஆனால் ஜிசி திணறும். அதனால்தான் பலரும் இதைக் கவனிப்பதில்லை. நோட்டூல் டேபிள்-ஸ்டாட்ஸில் ஸ்லைஸ் (ஒரு ரீடு படிக்கும் பகுதி) ஒன்றுக்கு எத்தனை டூம்ப்ஸ்டோன், மிகப்பெரிய பார்டிஷன் (ஒரே கீயின் கீழ் வரும் வரிசைகள்) எத்தனை பைட் என்ற இரண்டையும் பார்த்தால் குற்றவாளி டேபிள் தெரிந்துவிடும். இதைச் சரிசெய்யாமல் ஹீப்பைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

ட்யூனிங்கில் சொல்ல அதிகமில்லை. சிஎம்எஸ் என்ற பழைய ஜிசி முறை ஜாவா 14-இலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஜி1-க்கு நகர்ந்துவிடுங்கள். ஹீப் 16 முதல் 31 ஜிபி. 32-ஐத் தொட்டால் பாயிண்டர் சுருக்கம் (ஆப்ஜெக்ட் முகவரிகளைச் சிறிதாக வைக்கும் வசதி) போய், கூட்டிய இடம் வீணாகும். யங் பகுதியின் அளவை நிர்ணயிக்கும் எக்ஸ்எம்என் செட் பண்ணவே வேண்டாம், ஜி1-இன் பாஸ் இலக்கை (ஜிசிக்காக நிற்கும் நேரத்துக்கான இலக்கு) அது முடக்கிவிடும். லாகில் "ஹ்யூமங்கஸ்" என்று அடிக்கடி வந்தால் ரீஜன் (ஜி1 ஹீப்பைப் பிரிக்கும் துண்டு) அளவில் பாதிக்கு மேலான ஆப்ஜெக்ட்கள் வருகின்றன என்று பொருள். பெரிய பேட்ச் (ஒரே குவெரியில் திரளாக எழுதுவது), பெரிய ப்ளாப் (பைனரி டேட்டா) எங்கே என்று தேடுங்கள். அதுவரை ரீஜனை 16 எம்பி ஆக்கினால் மூச்சு விடலாம்.

ஜிசி லாகில் ரியல் நேரம் (கடிகார நேரம்) மட்டும் நீண்டு, யூசர் நேரம் (சிபியு உழைத்த நேரம்) குறைவாக இருந்தால் பழி ஜிசி மேல் இல்லை. ஸ்வாப் (மெமரியை டிஸ்குக்குத் தள்ளுவது), டிஸ்க் காத்திருப்பு இரண்டையும் பாருங்கள். கசாண்ட்ரா ஓடும் மெஷினில் ஸ்வாப் அணைந்திருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம்.

ஹீப் சீராக இருந்தும் அனான் ஏறுகிறதென்றால் ஜாவா எடுக்கும் மெமரியைப் பிரிவு பிரிவாகக் கணக்கிடும் நேட்டிவ் மெமரி ட்ராக்கிங்கை சம்மரி அளவில் இயக்குங்கள். 5 முதல் 10 சதவீதம் வேகம் குறையும் என்பதால் ஒரு நோடில் மட்டும் போதும். ஜேசிஎம்டி கமாண்ட் வழியாக பேஸ்லைன் (தொடக்க அளவு) எடுத்து, ஒரு நாள் கழித்து டிஃப் பாருங்கள். எந்தப் பிரிவு வளர்ந்தது என்று அது காட்டும். அது காட்டும் மொத்தம் அசையாமல் அனான் மட்டும் வளர்ந்தால் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் அரீனா (அது மெமரியைப் பிரித்துக்கொடுக்கும் தொகுதி) சிதறலைச் சந்தேகிக்கலாம். 64 பிட்டில் கோர் ஒன்றுக்கு 8 அரீனா வரை அது உருவாக்கும். மெமரி ஒதுக்குவதில் அதற்கு மாற்றான ஜேமேலாக் லைப்ரரி இன்ஸ்டால் ஆகியிருந்தால் கசாண்ட்ரா ஸ்டார்ட் ஆகும்போதே அதை ஏற்றிக்கொள்ளும். ஏறியதா என்பதை ஸ்டார்ட்டப் லாகில் சரிபாருங்கள், கண்டெய்னர் இமேஜில் அந்த லைப்ரரி இல்லாமல் போவது சாதாரணம்.