யூ.எம்.மா, சி.எல்.பி.யா, லண்டன் பாரா: குடும்ப வழக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு

கோலாலம்பூரில் ‘ஃபேமிலி லாயர்’ என்று தனிப் படிப்பு எதுவும் இல்லை, தனி லைசென்சும் இல்லை. தீபாவளித் திறந்த இல்லத்தில் யாராவது ஓர் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, “இவளுக்கு டைவர்ஸ் கேஸ் எடுக்கிற லாயர் ஆகணுமாம், எந்தக் காலேஜ்ல சேர்க்கலாம் தம்பி?” என்று கேட்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். இங்கே கோர்ட்டில் வாதாடுபவரும் பத்திரம் எழுதுபவரும் ஒரே ஆள்தான். அங்கி போட்ட பிறகு விவாகரத்து எடுப்பதா, வீடு விற்கும் ஒப்பந்தம் எழுதுவதா என்பது அவரவர் விருப்பம், பாதி நேரம் அவரவர் வாடகைக் கவலை. அந்த அங்கி வரை போக மூன்று வழி இருக்கிறது. நான் வந்தது இரண்டாவது வழியில், அதனால் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கலாம்.

முதல் வழி அரசாங்கப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் எழுதும் எஸ்.டி.பி.எம் தேர்வுக்கு ஒன்றரை வருடம், யூ.எம். என்கிற மலாயாப் பல்கலைக்கழகத்திலோ யூ.கே.எம். என்கிற தேசியப் பல்கலைக்கழகத்திலோ நான்கு வருடம் சட்டம், அப்புறம் நேராக ஒன்பது மாதச் சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சி. கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது. அதைவிடப் பெரிய லாபம், நான்கு வருடமும் நம் நாட்டுச் சட்டத்தையே படிக்கிறார்கள். 1976ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டம், அதாவது கோர்ட்டில் எல்லாரும் ‘ஆக்ட் 164’ என்று சொல்வது, அவர்களுக்கு மாணவப் பருவத்திலேயே பழகிவிடுகிறது. நானோ பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, கீழே மசாலா மணக்க, மேலே உட்கார்ந்து இங்கிலாந்துக்காரன் எப்படி விவாகரத்து வாங்குவான் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். குறை என்று பார்த்தால் ஒன்றுதான்: இடம் கிடைக்க வேண்டும். எஸ்.டி.பி.எம்.மில் கொஞ்சம் சறுக்கினாலும் கதவு மூடிவிடும்.

இரண்டாவது வழி, தனியார் கல்லூரியில் சேர்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் எடுப்பது, அல்லது இங்கே தொடங்கிக் கடைசி வருடம் மட்டும் இங்கிலாந்து போய் முடிப்பது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடிகிற ஒரே வழி வெளிவாரிப் பட்டம்தான், குடும்பத்துக்கு மாதா மாதம் பணம் கொடுக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பட்டம் கையில் வந்ததும் சி.எல்.பி. என்ற மலை நிற்கும். வெளிநாட்டுச் சட்டப் பட்டக்காரர்கள் இங்கே வழக்கறிஞராக எழுதும் தகுதித் தேர்வு, 1984இல் தொடங்கியது, ஐந்து தாள்: பொதுத்தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில்முறை. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் இதற்கென்றே உட்கார வேண்டும். கையில் ஒரு பைசா வராது. நான் முதல் தடவை சிவில் நடைமுறையில் கவிழ்ந்து, அந்த ஒரு தாளை மட்டும் திரும்ப எழுதித் தேறினேன். அந்த மூன்று மாதம் அம்மா வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, நானும்தான்.

இருந்தும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைக்கு என் மேசையில் உள்ள ஃபைல்களுக்குப் பட்டப்படிப்பைவிட அந்த சிவில் நடைமுறைத் தாள்தான் அதிகம் உதவுகிறது. வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல் விவாகரத்து வழக்கில் உணர்ச்சிகரமான வாதம் எல்லாம் ரொம்பக் குறைவு. கணவன் ஜொகூருக்கு வேலைக்குப் போனவன், அங்கிருந்து சிங்கப்பூர், போன் நம்பர் மாறிவிட்டது. மனுவை அவன் கையில் எப்படிச் சேர்ப்பது? மாற்று வழியில் சேர்ப்பிக்க நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி, பத்திரிகையில் விளம்பரம் போட்டு, அந்தப் பக்கத்தை வெட்டி அஃபிடவிட்டோடு இணைத்து… பாதி வேலை இதுதான்.

மூன்றாவது வழி இங்கிலாந்துப் பார், அதாவது அங்கேயே பாரிஸ்டர் ஆகிவிட்டு வருவது. நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1949இல் லண்டன் இன்னர் டெம்பிள் வழக்கறிஞர் சங்கத்தில் பாரிஸ்டர் ஆனார் என்பதால் நம் அப்பாக்களுக்கு இதன் மேல் ஒரு மயக்கம் உண்டு. அங்கே பார் தேர்ச்சி பெற்று வந்தால் சி.எல்.பி. எழுத வேண்டாம், 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அவர்களைத் தகுதி உள்ளவர்களாகவே ஏற்கிறது. ஆனால் பவுண்டில் கட்டணம், லண்டன் வாடகை, குளிர் சட்டை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் இங்கே ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். குடும்ப வழக்குக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்பாவும் தாங்குவார் என்றால் சரி, முடித்துவிட்டு வாருங்கள். மலாயை மட்டும் மறந்துவிடாதீர்கள். இங்கே நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ஆவணம் மலாயில்தான். ஜீவனாம்சம் கேட்டு நாலு வரி மலாயில் எழுதத் தடுமாறிய பாரிஸ்டர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, இந்த மூன்றில் எதில் வந்தாலும் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறோம்: சேம்பரிங். இந்த ஒன்பது மாதத்தை யாரிடம் கழிக்கிறீர்கள் என்பதுதான் குடும்ப வழக்குக்குப் பட்டத்தைவிட முக்கியம் என்பது என் கட்சி. கே.எல்.சி.சி. பக்கம் பெரிய நிறுவனம் என்றால் அலவன்ஸ் நன்றாக இருக்கும், ஆனால் ஒன்பது மாதமும் வங்கிக் கடன் ஃபைலோடு முடிந்துவிடலாம். நான் முதலில் போய் உட்கார்ந்த ஒரு நடுத்தர நிறுவனத்தில் குடும்ப வழக்கு உண்டு என்று சொல்லித்தான் எடுத்தார்கள். மூன்று மாதம் முடிந்து, சின்னச் சின்ன விஷயங்களுக்குக் கோர்ட்டில் நிற்க விடும் ஷார்ட் கால் அனுமதி வாங்கும்வரை நான் பார்த்தது போட்டோஸ்டாட் மெஷினைத்தான். மாஸ்டரை, அதாவது பயிற்சி தரும் மூத்தவரை, மாற்றிக்கொண்டு மஸ்ஜித் இந்தியா பக்கம் மாடியில் இருந்த சின்ன ஆபீஸுக்குப் போனேன், அலவன்ஸ் பாதிதான். முதல் வாரமே ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்கு ஓட வைத்தார்கள்.

பினாங்கில் சேம்பரிங் செய்த என் தோழி சொல்லும் கணக்கு வேறு. அங்கே வழக்கறிஞர் வட்டம் சின்னது, லெபோ லைட் நீதிமன்றத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், மூத்தவர்கள் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், வாடகையும் குறைவு. ஆனால் குடும்ப வழக்கு மட்டும் எடுத்துப் பிழைக்க முடியாது, நிலம், விபத்து என்று வருவதை எல்லாம் எடுத்தாக வேண்டும். அதுவும் ஒரு பயிற்சிதான் என்கிறாள். எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை.

பினாங்குக்காரர்களுக்கு இன்னொன்று. அங்கே தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம், அவர்களுடைய விவாகரத்து ஷரியா நீதிமன்றத்தில், அதற்குத் தனித் தகுதியோடு ஷரியா வழக்கறிஞராகப் பதிந்திருக்க வேண்டும். கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசத்தில் முஸ்லிம் அல்லாதவர் அப்படிப் பதிய முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2016இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நம் ஆட்கள் வரும்போது முதலில் கேட்க வேண்டியது, ‘திருமணத்தைப் பதிந்தீர்களா?’ என்பது. ஆக்ட் 164 நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1. இன்னமும் கோயிலில் தாலி கட்டி, படம் எடுத்து, விருந்து போட்டுவிட்டுப் பதிவை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்கள் வருகிறார்கள். ஒரு பெண்மணி ஆல்பத்தையே பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார், மேசையில் விரித்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். பதிவுப் பத்திரம் இல்லை. அவரிடம் என் மாஸ்டர் தமிழில், ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல், முக்கால் மணி நேரம் விளக்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அதற்கு முன்னால் படித்த எந்தப் பாடத்திலும் அது இல்லை.

ஆகவே, யூ.எம்.மில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள், கிடைக்காவிட்டால் வெளிவாரிப் பட்டமும் சி.எல்.பி.யும் எடுத்து வாருங்கள். சேம்பரிங் நேர்காணலில் அலவன்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், ஜே.பி.என். என்கிற தேசியப் பதிவுத் துறையின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டிய விவாகரத்து ஃபைல் இப்போது எத்தனை இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்டதும் என் மாஸ்டர் எழுந்து அலமாரியைத் திறந்து காட்டினார்.