சிங்கப்பூரில் இரண்டு பேருக்குச் சம்பளம் போட எது சரியான வழி?

கோயம்புத்தூரில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். சிங்கப்பூரில் இரண்டு பேரை எடுக்கப் போகிறோம் என்று முதலாளி சொன்ன அன்று, சம்பளம் போடுவது என்றால் மாதக் கடைசியில் பேங்க் வழியாகப் பணம் அனுப்புவது, அவ்வளவுதானே என்று அவரும் நினைத்தார், நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். விசாரித்தபோது மூன்று வழி இருந்தது. இ.ஓ.ஆர். என்கிற இடைநிலை முதலாளி ஒன்று, அங்கேயே சொந்தக் கம்பெனி தொடங்கி பேரோல், அதாவது சம்பளக் கணக்கு வேலையை உள்ளூர் அலுவலகத்திடம் கொடுப்பது ஒன்று, சொந்தக் கம்பெனி வைத்து பேரோலையும் நாமே போடுவது ஒன்று.

நான்காவதாக ஒன்றை எல்லோரும் காதில் ஓதுவார்கள்: "கான்ட்ராக்டர் என்று காட்டிவிடுங்கள்." வேண்டாம். நாம் சொல்லும் நேரத்தில், நாம் கொடுக்கும் லேப்டாப்பில், நம் மேனேஜர் சொல்லும் வேலையைச் செய்பவர், தாளில் என்ன எழுதியிருந்தாலும் ஊழியர்தான். பின்னால் தெரிந்தால் கட்டாமல் விட்ட மத்திய சேமநிதி, அதாவது அந்த ஊர் பி.எஃப்., வட்டியோடு வந்து நிற்கும்.

முதலில் அங்கே என்னென்ன கட்ட வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். இந்தியப் பழக்கத்தோடு போகிறவரைக் குழப்புவது இங்கேதான். சிங்கப்பூரில் மாதாமாதம் டி.டி.எஸ். பிடிப்பது கிடையாது. சாதாரணமாக, ஊழியர் அடுத்த வருடம் தன் வருமான வரியைத் தானே கட்டிக்கொள்வார். முதலாளி மார்ச் 1க்குள் ஐ.ஆர்.8ஏ என்கிற வருடச் சம்பள விவரத்தைத் தர வேண்டும், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை வரித்துறைக்கு ஆன்லைனில் அனுப்பியே ஆக வேண்டும். 7ஆம் தேதி டி.டி.எஸ்., 15ஆம் தேதி பி.எஃப். என்று ஓடியே பழகிய எனக்கு இது சுகமாகத்தான் இருந்தது, கொஞ்ச நாளைக்கு.

அப்புறம் மசேநிதி, அதாவது மத்திய சேமநிதி. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான் இது. எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில் இருப்பவருக்குக் கிடையாது. 55 வயது வரை ஊழியர் 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம், 2026இலிருந்து மாதச் சம்பளத்தில் 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் கணக்கு. இது தவிர திறன் மேம்பாட்டுத் தீர்வை 0.25 சதவீதம், அதிகபட்சம் 11.25 வெள்ளி, இதைப் பாஸில் இருப்பவருக்கும் கட்ட வேண்டும். இந்திய வம்சாவளியினராக இருந்தால் சிண்டா என்கிற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கும் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை போகும். சம்பளத்தைப் பொறுத்து 1 வெள்ளியிலிருந்து 30 வரை, வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து விலகலாம்.

7,000 வெள்ளி வாங்கும் ஒரு இந்திய வம்சாவளிக் குடிமகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பங்கு 1,400, சிண்டா 9, கைக்கு வருவது 5,591. நமக்கு ஆகும் செலவு 7,000, அதன் மேல் 1,190, அதன் மேல் 11.25, மொத்தம் 8,201.25 வெள்ளி. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போக வேண்டும், விவரமான பேஸ்லிப் 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம், மசேநிதி அடுத்த மாதம் 14ஆம் தேதியைத் தாண்டக் கூடாது.

இதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் தப்பிக்க இ.ஓ.ஆர். நல்ல வழி. சட்டப்படி முதலாளி அவர்கள், வேலை வாங்குவது நாம். கம்பெனி தொடங்க வேண்டாம், வேலைக்கு எடுப்பதும் சீக்கிரம் முடியும். பெரிய நிறுவனங்கள் சில ஆளுக்கு மாதம் 600 அமெரிக்க டாலர் அளவில் விலை போட்டிருக்கின்றன. ஒரு ஆளுக்கு, ஆறு மாதம் சந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் இதைவிட மலிவாக எதுவும் அமையாது, கம்பெனி தொடங்கி மூடுகிற செலவை நினைத்தால் தெரியும். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. இங்கிருந்து நம் ஆளையே அனுப்ப நினைத்தால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேண்டும், அதற்கு விண்ணப்பிக்கிறவர் உண்மையான முதலாளியாக இருக்க வேண்டும் என்பதில் மனிதவள அமைச்சு கறார். பெயருக்கு முதலாளியாக இருப்பவரை நம்பி அதில் இறங்குவது எனக்குச் சரிப்படவில்லை. அதோடு அந்த ஆள் அங்கே உட்கார்ந்து நம் பெயரில் ஒப்பந்தம் முடிப்பவராக இருந்தால், நமக்கு அங்கே நிலையான தொழில் இடம் இருக்கிறது என்று சொல்லி வரித்துறை நம் லாபத்துக்கு வரி கேட்கலாம், இ.ஓ.ஆர். கட்டணம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

சொந்தக் கம்பெனி என்றால் செலவு வேறு மாதிரி. சிங்கப்பூரில் வசிக்கும் ஒரு இயக்குநர் கட்டாயம். அப்படி யாரும் இல்லையென்றால் பெயரளவு இயக்குநருக்கு வருடக் கட்டணம் கொடுக்க வேண்டும். கம்பெனி செயலாளர் ஆறு மாதத்துக்குள் வேண்டும். இந்தியப் பக்கம் பேங்க் வழியாக வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்.சி. படிவம், வருடந்தோறும் டிசம்பர் 31க்குள் ஏ.பி.ஆர். என்கிற ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை. இதை அங்குள்ள ஏஜென்ட் யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இது சம்பந்தமில்லாத ஊர் விஷயம்.

நாங்கள் சொந்தக் கம்பெனிதான் தொடங்கினோம், ஒருவருக்குப் பாஸ் தேவைப்பட்டதால் வேறு வழியில்லை. பேரோலை ஒரு உள்ளூர் அலுவலகத்திடம் கொடுத்தோம். கொடுத்துவிட்டால் கவலை விட்டது என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. எட்டாவது மாதம் அந்த ஊழியருக்கு நிரந்தரவாசம் கிடைத்தது. அவர் தன் மேனேஜரிடம் சொன்னார், மேனேஜர் வாழ்த்துச் சொன்னார், எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பேரோல்காரர்கள் நாங்கள் அனுப்பும் எக்செல்லை வைத்து, பழையபடி மசேநிதி இல்லாமல் மூன்று மாதம் ஓட்டிவிட்டார்கள். நிரந்தரவாசம் கிடைத்த நாளிலிருந்தே கட்ட வேண்டும், அதுவும் முதல் வருடம் முதலாளி 4 சதவீதம், ஊழியர் 5 சதவீதம், இரண்டாம் வருடம் 9, 15, மூன்றாம் வருடம்தான் முழு விகிதம் என்று படிப்படியாக ஏறும். தாமதத்துக்கு வட்டி மாதம் 1.5 சதவீதம். தொகை பெரிதில்லை. ஆனால் கடிதம் எங்கள் கம்பெனி பெயருக்குத்தான் வந்தது, பேரோல் அலுவலகத்துக்கு அல்ல. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் "வாடிக்கையாளர் தரும் தகவலின் அடிப்படையில்" என்று ஒரு வரி அழகாக உட்கார்ந்திருந்தது. அவர்களைச் சொல்லிப் பயனில்லை. ஊழியரின் பங்கையும் சேர்த்து நாங்களே கட்டினோம்.

அப்போ பேரோலையும் நாமே போட்டுவிடலாமே? கணக்கு என்னவோ சுலபம்தான், இரண்டு பேருக்கு ஒரு எக்செல் போதும். சிக்கல் உள்நுழைவில். அரசு இணையதளங்களுக்கு கார்ப்பாஸ் என்கிற கம்பெனி உள்நுழைவு அடையாளம் வேண்டும், சிங்கப்பூரில் இல்லாதவருக்கு அதை வாங்குவது சுற்று வேலை. அதைவிட ஐ.ஆர்.21 என்கிற வரி அறிவிப்புப் படிவம் பெரிய தலைவலி. பாஸில் இருக்கும் ஊழியர் வேலையை விட்டால், கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே வரித்துறைக்குச் சொல்ல வேண்டும்; விலகுகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தர வேண்டிய பணம் முழுவதையும், அந்த மாதச் சம்பளம் உட்பட, நிறுத்தி வைக்க வேண்டும். டி.டி.எஸ். இல்லாத ஊரில் வரியை வசூலிக்க அவர்கள் வைத்திருக்கும் பூட்டு இது. ராஜினாமா மெயில் வந்ததும் நம்மூர் வழக்கப்படி கணக்கை முடித்துப் பணத்தை அனுப்பிவிட்டால், அவர் கட்டாமல் போகும் வரி நம் தலையில் விழலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் இருப்பது நல்லது.

ஆக என் கணக்கு இப்படி: ஆள் குடிமகனோ நிரந்தரவாசியோ, ஒருவர்தான், ஒரு வருடத்துக்குள் என்றால் இ.ஓ.ஆர். பாஸ் தேவைப்பட்டாலோ மூன்று பேரைத் தாண்டினாலோ சொந்தக் கம்பெனியும் உள்ளூர் பேரோல் அலுவலகமும். நாமே போடுவது, அங்கே நம்பகமான கணக்காளர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்த பிறகு.

நாங்கள் அதே பேரோல்காரர்களிடம்தான் இன்னும் இருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி நான் இரண்டு ஊழியர்களுக்கும் ஒரே வரி மெயில் அனுப்புகிறேன்: பாஸ், முகவரி, நிரந்தரவாசம், எதாவது மாறியதா? ஒருவர் பதில் போடுவார். இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் மறுபடி கேட்க வேண்டும்.