கேபிள் இல்லாமல் ரேஸ் பார்க்க: பாஸ் வாங்குவதா, யூடியூபே போதுமா?

வீட்டில் கேபிளை நிறுத்திய பிறகு யாரும் அதைத் தேடவில்லை. சீரியல், கிரிக்கெட், பழைய படம் எல்லாமே ஏதோ ஒரு ஆப்பில் கிடைத்துவிடுகிறது. ரேஸ் பார்க்கிற எனக்கு மட்டும்தான் சிக்கல். இந்தியாவில் ஃபார்முலா 1 ஓரிடம், மோட்டோ ஜிபி பைக் ரேஸ் வேறிடம், லெ மான் 24 மணி நேர ரேஸ் இன்னோர் இடம் என்று சிதறிக் கிடக்கிறது. கண்டுபிடித்து வைத்தாலும் அடுத்த சீசனில் அங்கேயே இருக்கும் என்று நம்ப முடியாது. ஃபார்முலா 1-ஐ 2022 வரை ஸ்டார் ஸ்போர்ட்ஸும் ஹாட்ஸ்டாரும் காட்டின, 2023-இல் ஃபார்முலா 1-இன் சொந்தச் சேவையான எஃப்1 டிவி ப்ரோ நேரடியாக இங்கே வந்தது, 2024-இல் உரிமை ஃபேன்கோடு ஆப்பின் கைக்குப் போனது.

இந்தக் குழப்பத்தில் நான் எடுத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா 1-க்கு வேண்டிய வாரத்துக்கு மட்டும் பாஸ். மற்றபடி யூடியூபில் அதிகாரபூர்வமாக, முழுதாக, காசில்லாமல் ஓடும் எண்டியூரன்ஸ் ரேஸ்கள், அதாவது ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் பல மணி நேர ரேஸ்கள். வருட சந்தா எதுவும் இல்லை. வேகம் என்றால் ஃபார்முலா 1 மட்டும்தான் என்பவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது, அவர்கள் சீசன் பாஸை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

படத்தின் தரம், டிவியில் ஆப் கிடைக்கிறதா என்பதையெல்லாம் நீட்டப் போவதில்லை. ஓரளவு நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தால் எல்லாமே பார்க்கிற மாதிரிதான் வருகிறது. திருட்டு லிங்க் வேண்டவே வேண்டாம். நாலு விளம்பரத்தை மூடி முடிப்பதற்குள் முதல் வளைவு போயிருக்கும். வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் விபிஎன் போட்டு ஆஸ்திரியாவின் ஓஆர்எஃப், சர்வஸ் டிவி சேனல்களில் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஃபார்முலா 1 இலவசம்தான், ஆனால் அது அந்த ஊர்க்காரர்களுக்கானது, வர்ணனையும் ஜெர்மனில் இருக்கும். விதிப்படியும் சரியில்லை, கேட்பதற்கும் புரியாது.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? பலரும் விலையைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது கடிகாரத்தை.

ஃபார்முலா 1 ஐரோப்பாவில் நடக்கும்போது நமக்குச் சொர்க்கம். அங்கே மதியம் மூன்று மணி என்றால் இங்கே ஞாயிறு மாலை 6.30. இங்கிலாந்து 7.30. சிங்கப்பூர் இரவு ரேஸ் நமக்கு 5.30, அபுதாபி மறுபடியும் 6.30. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் காலையிலேயே முடிந்துவிடும். பிரச்சினை அமெரிக்கக் கண்டத்தில்தான். 2025 காலண்டர்படி கனடா இரவு 11.30, பிரேசில் 10.30 (இது பரவாயில்லை), ஆஸ்டின் நள்ளிரவு தாண்டி 12.30, மயாமியும் மெக்சிகோவும் 1.30. அதாவது ரேஸ் முடிந்து மேடையில் ஷாம்பெயின் தெளிக்கும்போது இங்கே மணி மூன்றரை, திங்கட்கிழமை ஆபீஸ் வேறு. விதிவிலக்கு லாஸ் வேகாஸ். அங்கே சனிக்கிழமை இரவு நடப்பதால் நமக்கு ஞாயிறு முற்பகலில் வந்துவிடுகிறது.

ரிப்ளே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ரிப்ளேயை ரிசல்ட் தெரியாமல் போய்ச் சேர்வதுதான் பாடு. காலையில் ஆறு மணிக்கு எழுந்து, வாட்ஸ்அப்பைத் தொடாமல், நோட்டிஃபிகேஷனைப் பார்க்காமல், பல் துலக்கிவிட்டு டிவியைப் போட்டு ஆப்பைத் திறந்தால், முகப்பிலேயே ஒருவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார், கீழே 'ஹைலைட்ஸ்' என்று எழுதியிருக்கும். எந்த ஆப் என்று சொல்லவில்லை, நான் பயன்படுத்தியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை இதைச் செய்திருக்கின்றன. அதற்கு மேல் அந்த ஒன்றரை மணி நேரத்தை உட்கார்ந்து பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. ஃபார்முலா 1-இல் யார் ஜெயித்தார் என்பது தெரிந்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான்.

அதனால்தான் சீசன் பாஸா, வார பாஸா என்ற கேள்விக்கு என் கணக்கு இப்படி. காலண்டரை எடுத்து, நேரலையில் பார்க்க முடியாத அமெரிக்க ரேஸ்களை அடித்துவிடுங்கள். கல்யாண முகூர்த்தம், ஊர்ப் பயணம், பிள்ளைகளின் பரீட்சை என்று நிச்சயம் போகப் போகும் ஞாயிறுகளையும் அடியுங்கள். 2025-இல் மொத்தம் 24 ரேஸ். மிஞ்சுவது எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு சீசன் பாஸ் விலையை வார பாஸ் விலையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் மிஞ்சிய ரேஸ்களைவிடச் சிறியதாக இருந்தால் சீசன் பாஸ், பெரியதாக இருந்தால் வார பாஸ். விலை சீசனுக்குச் சீசன் மாறுவதால் இங்கே எண்களைப் போடவில்லை. வார பாஸில் இன்னொரு சௌகரியம், சண்டை சூடுபிடிக்காத வருடத்தில் பாதியில் விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம், யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று முடிவாகும் குவாலிஃபையிங் என்று ஒன்றையும் விடாமல் பார்ப்பவர் என்றால் இந்த வகுத்தல் எல்லாம் வேண்டாம், சீசன் பாஸ்தான்.

இப்போது நான் சாய்ந்திருக்கும் பக்கம். எண்டியூரன்ஸ் ரேஸ்களைத் தமிழ்நாட்டில் பலரும் பார்க்கத் தொடங்கியதே அஜித் குமாரால்தான் என்று நினைக்கிறேன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அவருடைய அணி இறங்கியது. பயிற்சியில் அவருடைய கார் பலமாக மோதியது. அதன்பிறகு அந்தக் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து அவர் விலகி, வேறொரு போர்ஷேயில் ஓட்டினார். அணியின் கார் போர்ஷேகளுக்கான 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அன்றைக்கு, அந்த ரேஸ் அடங்கிய 24ஹெச் சீரிஸ் தொடரின் யூடியூப் பக்கத்தின் லைவ் சாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஐரோப்பியர்கள் டயர் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நடுவில் 'தல' 'தல' என்று ஓடிக்கொண்டே இருந்தது. அப்படி வந்தவர்களில் பலர் அஜித்துக்காக மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். கொஞ்சம் பேர் தங்கிவிட்டார்கள்.

ஏன் தங்கலாம் என்றால், அதே கடிகாரம்தான் காரணம். இருபத்து நான்கு மணி நேர ரேஸை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. ஓட்டுபவர்களே முறை வைத்துத் தூங்குகிறார்கள். கல்யாண வீடு மாதிரி, எப்போது போனாலும் ஏதோ ஒரு பந்தி ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸ் வழக்கமாக அங்கே சனிக்கிழமை மாலை நான்கு மணிவாக்கில் தொடங்கும், நமக்கு இரவு ஏழரை. சாப்பிட்டுக்கொண்டே தொடக்கத்தைப் பார்த்துவிட்டு, நள்ளிரவு தாண்டி அங்கே இருட்டத் தொடங்கியதும் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தூங்கலாம். காலையில் இட்லி வேகும் நேரத்துக்கு டிவியைப் போட்டால் அங்கே விடிந்துகொண்டிருக்கும், மூடுபனி இருக்கும், முன்னணியில் இருந்த கார் காணாமல் போயிருக்கும். ரிசல்ட் கெட்டுப்போக வழியே இல்லை, ஏனென்றால் ரேஸ் இன்னும் முடியவில்லை. முடிவு ஞாயிறு மாலை ஏழரைக்கு, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரத்தில்.

அந்தச் சுற்று 25 கிலோமீட்டருக்கு மேல், நூற்றுக்கும் அதிகமான கார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே சாலையில். இரவில் ஜிடி3 என்ற வேகமான பிரிவின் கார் ஒன்றின் உள்ளிருந்து காட்டும்போது கவனியுங்கள்: முன்னால் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரியும், அடுத்த நொடியே பெரிதாகும், இவர் ஹெட்லைட்டை மின்னவிட்டு, இடப்பக்கமா வலப்பக்கமா என்று முடிவெடுப்பதற்குள் அந்தப் புள்ளிகள் பின்னால் போயிருக்கும். அப்படி முந்தப்படும் கார்களில் ஒரு டாசியா லோகனும் உண்டு, சில வருடங்களாக இந்த ரேஸின் செல்லப்பிள்ளை அது. பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தால், ஆமாம், இங்கே மஹிந்திரா 2007-இல் கொண்டுவந்து பிறகு வெரிட்டோ என்று பெயர் மாற்றிய அதே கார். நம்மூரில் டாக்சியாக ஓடிய வண்டி அங்கே போர்ஷேகளுக்கு நடுவில் ராத்திரி முழுக்க ஓடுகிறது. இதற்குக் காசு கேட்டாலும் கொடுப்பேன்.

துபாய் ரேஸ் நமக்கு இன்னும் வசதி, ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். அந்தத் தொடரில் இரண்டு விஷயம் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும். விபத்து நடந்தால், மற்ற ரேஸ்களில் போல எல்லோரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் சேஃப்டி கார் வராது, 'கோடு 60' அறிவிப்பார்கள், ஊதாக் கொடி காட்டுவார்கள், எல்லோரும் இருந்த இடத்திலேயே 60 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட வேண்டும். இடைவெளிகள் அப்படியே இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் பிட்டுக்குள் (பாதையோரம் அணிகள் வண்டியைக் கவனிக்கும் இடம்) நுழைந்தவருக்கு யோகம், மற்றவர்கள் மெதுவாகப் போவதால் இழப்பு குறைவு. அடுத்தது, பெட்ரோல் தங்கள் பிட்டில் போட மாட்டார்கள். எல்லா அணிக்கும் பொதுவான ஒரு பங்க் தனியாக இருக்கும், அங்கே வரிசையில் நின்று போட்டுக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் ரேஸ் கார்கள் பங்க்கில் க்யூ நிற்பதைப் பார்ப்பதே தனி ரசம்.

இலவசமாகக் கிடைப்பது இவை மட்டுமல்ல. பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேர ரேஸும் அதைச் சேர்ந்த ஜிடி வேர்ல்ட் சேலஞ்ச் ரேஸ்களும், 2025-இல் அஜித் ஓட்டிய ஜிடி4 ஐரோப்பியத் தொடரும் ஜிடி வேர்ல்ட் யூடியூப் சேனலில் வருகின்றன. டேடோனா 24 உள்ளிட்ட, இம்சா என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் ரேஸ்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இம்சாவின் யூடியூப் சேனலில் முழுதாகக் கிடைக்கும். அங்கே இருப்பவர்கள்தான் சந்தா கட்டுகிறார்கள், நமக்கு இலவசம், வாழ்க்கையில் எப்போதாவது இப்படியும் நடக்கிறது. நட்சத்திரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் நூர்பர்க்ரிங்கில் ஃபெராரி 296 ஜிடி3 ஓட்டி, கிறிஸ் லுல்ஹாமுடன் சேர்ந்து ஜெயித்தார். நான்கு மணி நேர ரேஸ், நான்கு முறை ஃபார்முலா 1 உலகச் சாம்பியன், யூடியூபில் நேரலை, பைசா செலவில்லை.

குறைகளும் உண்டு. 12 மணி நேரத்துக்கு மேற்பட்ட நேரலையை யூடியூப் தானாகச் சேமித்து வைக்காது என்பதால் 24 மணி நேர ரேஸ்களைப் பகுதி பகுதியாக உடைத்து ஒளிபரப்புகிறார்கள். காலையில் பழைய லிங்க்கையே திறந்தால் ராத்திரி நிற்கும். சேனலின் நேரலைப் பக்கத்துக்குப் போய்ப் புதிய பகுதியைப் பிடிக்க வேண்டும். பல பிரிவு கார்கள் ஒன்றாக ஓடுவதால் யார் முன்னால் என்று புரிய ஒரு சில ரேஸ் ஆகும். யார் எந்த இடத்தில் என்று நொடிக்கு நொடி காட்டும் டைமிங் பக்கத்தை போனில் திறந்து வைத்துக்கொண்டால் சீக்கிரம் பிடிபடும். ஆனால் டைமிங் எப்போதும் படத்துக்குச் சில நொடிகள் முன்னால் ஓடும், கடைசி மணி நேரத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். டேட்டா இன்னொரு விஷயம். நல்ல தரத்தில் மணிக்கு இரண்டு, மூன்று ஜிபி போய்விடும், தினம் ஒன்றரை ஜிபி மொபைல் பேக்கில் இதை நினைக்கவே கூடாது. ஃபைபர் இல்லாதவர்கள் தரத்தைக் குறைத்துவிட்டு வர்ணனையை மட்டும் கேட்கலாம். எண்டியூரன்ஸ் ரேஸுக்கு ரேடியோ வர்ணனை ஒரு தனிக் கலை, வண்டி ஓட்டும்போதும் சமைக்கும்போதும் நன்றாகவே ஒத்துப்போகிறது.

மிச்சம் இருப்பது வெளிநாட்டுச் சந்தாக்கள். மோட்டோ ஜிபிக்கு வீடியோபாஸ், உலக ராலி சாம்பியன்ஷிப்புக்கு ராலி டிவி, லெ மான் அடங்கிய உலக எண்டியூரன்ஸ் தொடருக்கு அவர்களுடைய சொந்த ஆப். நான் இவற்றில் ஆழமாக இறங்கியவன் அல்ல, வீடியோபாஸை ஒரு நண்பர் வீட்டில் பார்த்த அளவில்தான் சொல்கிறேன். பைக் ரேஸ் பைத்தியம் என்றால் அதற்கு இணை கிடையாது, 1992 முதல் எல்லா ரேஸும் கிடக்கின்றன, வேண்டிய ஓட்டுநரின் கேமராவுக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் விலை யூரோவில். மேலே வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி. கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதிகள் வந்த பிறகு வெளிநாட்டு நிறுவனங்களின் புதுப்பிப்புகள் கார்டில் தடுமாறுவதும் சகஜமாகிவிட்டது. யூபிஐயில் தட்டி வாங்கும் வார பாஸுக்குப் பழகிய கைக்கு இது பெரிய தலைவலி.

லெ மானுக்கு மட்டும் நான் விட்டுக்கொடுப்பேன். ஜூன் மாதம், சனிக்கிழமை இரவு நம் நேரம் ஏழரைக்குத் தொடங்கி ஞாயிறு ஏழரைக்கு முடிகிறது, அதற்கு ஒற்றை ரேஸ் டிக்கெட் கிடைக்கிற வருடம் வாங்கிவிடலாம். அப்புறம், வாங்குகிற எந்தப் பாஸாக இருந்தாலும் தானாகப் புதுப்பிக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்து எடுத்துவிடுங்கள்.